பழைய போனுக்கும் ஒரு பக்கம்: வலைத்தளம் கட்டும் நண்பர்களுக்குத் திறந்த மடல்



தமிழில் வலைத்தளம் கட்டித் தருவதைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் நாம். நாளிதழ், ஜவுளிக்கடை, கோயில் அறக்கட்டளை, பள்ளிக்கூடம் என்று யார் வந்து கேட்டாலும் செய்து கொடுக்கிறோம். நம்மில் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே சண்டையில் போய் நிற்கிறது. "எக்ஸ்புளோரரே போய்ச் சேர்ந்தாச்சு, இன்னும் யாருக்காகப் பழைய பிரவுசரைக் கட்டி அழணும்?" என்பது ஒரு கட்சி. "கிளையண்டோட மாமனார் போன்ல திறக்கலையாம், பாக்கிப் பணத்தை நிறுத்தி வெச்சிருக்கார்" என்பது மறு கட்சி. இரண்டையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய சிஎஸ்எஸ் வசதிகள் அத்தனையையும் இன்றைக்கே எடுத்துப் புழங்குங்கள். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் கஞ்சனாக இருங்கள். பழைய உலாவிக்காரர் உங்கள் வடிவமைப்பின் அழகைப் பார்க்காமல் போகட்டும், பாதகமில்லை. அவர் தேடி வந்த தகவல் அவருக்குக் கிடைக்காமல் போகக் கூடாது.

இதில் நம்மைக் குழப்புவது பழைய காயம். 2001 ஆகஸ்டில் வந்த எக்ஸ்புளோரர் 6-க்கு அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. நடுவில் ஐந்து வருடம் மைக்ரோசாஃப்ட் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், இன்றும் பல்லைக் கடிப்பார்கள். பின்னணி தெரியும்படி ஒரு பிஎன்ஜி படத்தை வைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்து உட்காரும். இரண்டு பத்தி போட்டால் ஒன்று நழுவி அடியில் விழும். இதையெல்லாம் சரிக்கட்ட எக்ஸ்புளோரர் மட்டும் படிக்கிற மாதிரி தனிக் குறிப்புகள், நட்சத்திரக் குறி போட்ட தந்திரங்கள். பக்கத்தைக் கட்டுவதற்கு ஆன நேரத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் அதை ஆறுக்குப் பொருந்த வைப்பதற்கும் ஆகும்.

2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரருக்கு ஓய்வு கொடுத்தபோது, தென்கொரியாவின் கியோங்ஜு நகரில் ஒரு பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே செய்து ஒரு காபிக்கடையின் மாடியில் வைத்தார். மற்ற உலாவிகளை இறக்கிக்கொள்ள நல்ல கருவியாக இருந்தார் என்று அதில் பொறித்திருந்தார். கொரியர்களுக்கு அந்தக் கோபத்தில் தனி நியாயம் உண்டு. 1990-களின் இறுதியில் அவர்கள் சொந்தமாக ஒரு மறையாக்க முறையை உருவாக்கி, அதை ஆக்டிவ்எக்ஸ் வழியாக எக்ஸ்புளோரரில் பூட்டிவிட்டார்கள். வங்கி, வரி, இணையக் கடை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு உலாவிதான் வாசல். அதோடு சேர்ந்து வந்த டிஜிட்டல் சான்றிதழ் முறைக்கு இருந்த சட்டத் தகுதி 2020 டிசம்பரில்தான் போயிற்று. உலகத்திலேயே வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்று, ஒரு பழைய உலாவியோடு இருபது வருடம் கட்டுண்டு கிடந்தது.

அந்த எக்ஸ்புளோரர் அலுவலக மேசையில் இருந்த உலாவி. "வேறொன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான்" என்று சொல்வதில் அன்றைக்கு அர்த்தம் இருந்தது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற பையன் மனம் வைத்தால் அரை மணி நேர வேலை. இன்றைய பழைய உலாவி கைப்பையில் இருக்கிறது. ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிட்டது. அதில் சஃபாரியும் 12-தான். சரி, குரோம் போட்டுக்கொள்ளலாமே என்றால், ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-லிருந்து சட்டத்தின் புண்ணியத்தில் விதிவிலக்கு. ஆண்ட்ராய்டில் கொஞ்சம் தாராளம். ஆனாலும் ஆண்ட்ராய்டு 5-க்கு குரோம் 95 கடைசி, 6-க்கு 106, 7-க்கு 119. இந்தப் போன்களை வைத்திருப்பவரிடம் "உங்கள் உலாவி பழையது, புதுப்பிக்கவும்" என்று திரையில் எழுதிக் காட்டுகிறோமே, அதற்கு அர்த்தம் "புதுப் போன் வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்பதுதான். ஒரு கடைக்காரர் வாசலில் நின்று வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்ல மாட்டார். அவர் சார்பில் நாம் சொல்கிறோம்.

ஜியோபோன் நினைவிருக்கும். 2017-இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகை கட்டி வாங்கியது. தொடுதிரை கிடையாது, விசைகள்தான். 2.4 அங்குலத் திரை, 240-க்கு 320 புள்ளிகள். அதில் ஓடிய கைஓஎஸ், ஃபயர்பாக்ஸ் 48-இன் எஞ்சினைக் கொண்டது. ஃபயர்பாக்ஸுக்கு சிஎஸ்எஸ் கிரிட் வந்தது 2017 மார்ச்சில், 52-ஆம் பதிப்பில். ஆக, கடையில் புத்தம் புதிதாக வாங்கிய போனிலேயே கிரிட் கிடையாது! பழைய உலாவி என்றால் பழைய பொருள் என்று நினைப்பதே தப்புக் கணக்கு. வாங்கிய அன்றே பழையதான உலாவிகள் நம் ஊரில் லட்சக்கணக்கில் விற்றிருக்கின்றன.

அப்படியானால் கிரிட்டைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். இங்கேதான் இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன.

சிஎஸ்எஸ் காது மந்தமான தாத்தா மாதிரி. புரிந்ததைச் செய்வார். புரியாததைக் கேட்டது போலவே காட்டிக்கொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கிரிட் தெரியாத உலாவியிடம் மூன்று பத்தி போடு என்று சொன்னால் அந்த வரியை மட்டும் தாண்டிவிட்டு மற்றதைச் செய்யும். செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். 2.4 அங்குலத் திரையில் அதுதானே வேண்டும்? கிரிட் இருந்தால் ஒரு மாதிரி, இல்லையென்றால் வேறு மாதிரி என்று கேட்டு நடக்கும் நிபந்தனை வசதி குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் 2013-லிருந்தே இருக்கிறது. முதலில் ஒற்றைப் பத்தியாக எழுதி, கிரிட் வேலைகளை அந்த நிபந்தனைக்குள் வைத்துவிட்டால் கதை முடிந்தது.

நமக்கே உபயோகமான ஓர் உதாரணம் சொல்கிறேன். தமிழ்த் தலைப்புகளில் சொற்கள் நீளம். "ஒருங்கிணைப்பாளர்களுக்கான" என்று ஒன்று வந்தால் அது மற்றச் சொற்களோடு சேர்ந்து முதல் வரியை நிரப்பிக்கொண்டு, இரண்டாம் வரியில் "கூட்டம்" மட்டும் அனாதையாகத் தொங்கும். வரிகளைச் சமமாகப் பிரித்துத் தரும் ஒரு பண்பு 2023-இல் குரோம் 114-இல் வந்தது. இப்போது எல்லாப் பெரிய உலாவிகளிலும் இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் ஒரே ஒரு வரி. புதிய போனில் தலைப்பு லட்சணமாக உட்காரும். பழைய போனில் முன்பு போலவே தொங்கும், ஆனால் படிக்கலாம். இந்த ஒரு வரியைச் சேர்க்க எந்த விவாதமும் வேண்டியதில்லை. சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஜாவாஸ்கிரிப்டின் குணம் வேறு. தெரியாத ஒரு குறியைப் பார்த்தால் அந்தக் கோப்பையே தூக்கி எறிந்துவிடும். முதல் வரியில் இருக்கும் நல்ல கட்டளையையும் ஓட்டாது.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வியாபாரி ஒருவரின் தளம். விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு என்று அன்றாட விலையைப் போடுவதுதான் அதன் பிரதான வேலை. வேறொருவர் கட்டிக் கொடுத்தது. நன்றாகத்தான் கட்டியிருந்தார். ஆனால் வியாபாரியின் கணக்குப்பிள்ளைக்குப் பக்கம் வெள்ளையாக நிற்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். "டவர் இல்லைங்க" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவரின் போனில் அதே டவரில் பக்கம் வந்தது. கணக்குப்பிள்ளையின் போனைக் கேபிள் போட்டு மடிக்கணினியில் சொருகி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தேன். சிவப்பில் ஒரே ஒரு வரி: எதிர்பாராத குறி, புள்ளி. வரி எண் 1. சுருக்கப்பட்ட கோப்பு முழுவதுமே ஒரே வரியில் இருப்பதால் வரி எண் எப்போதும் 1-தான். எந்த எழுத்தில் என்று பார்த்தால் ஆயிரக்கணக்கில் தள்ளி ஓர் எண்.

தேடிப்போனால் அங்கே ஒரு கேள்விக்குறி, ஒட்டினாற்போல் ஒரு புள்ளி. பொருள் இருந்தால் உள்ளே போ, இல்லாவிட்டால் விட்டுவிடு என்று சொல்வதற்கான சுருக்கெழுத்து. அருமையான வசதி, எனக்கும் பிடிக்கும். குரோமில் 2020 பிப்ரவரியில், 80-ஆம் பதிப்பில் வந்தது. கணக்குப்பிள்ளையின் குரோம் அதற்கு முந்தையது. போனில் இடமே இல்லை, காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் அடைத்துக்கொண்டு கிடந்தன. அதனால் ஆப்களின் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார். தளத்தைக் கட்டியவர் இந்தக் குறியைத் தன் கையால் எழுதவும் இல்லை. தேதியை அழகாகக் காட்டுவதற்கு வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு நூலகத்துக்குள் அது இருந்தது. நாம் எழுதுகிற நிரலைப் பழைய நடைக்கு மாற்றித் தருகிற கருவி, வெளியிலிருந்து இறக்கிய நூலகங்களின் கோப்புறைக்குள் போகாது. நிறைய இடங்களில் அதுதான் இயல்பான அமைப்பு. ஆக, பழைய உலாவிக்கும் ஓடும் என்று நம்பி விட்டவரின் தளம், அவர் பார்க்காத இரண்டு குறிகளால் படுத்துவிட்டது.

எனக்கு உறுத்தியது அதுகூட இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு சின்ன அட்டவணை. 1995-இல் வந்த நெட்ஸ்கேப் 1.1-க்கே அட்டவணை போடத் தெரியும். விலைப் பட்டியலைச் சர்வரிலேயே எச்டிஎம்எல்லாக எழுதி அனுப்பியிருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் முழுசாகச் செத்தாலும் கணக்குப்பிள்ளை விலையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். அப்படித்தான் மாற்றினோம். விலை ஏறி இறங்கும் வரைபடம் மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் மேலே வந்து உட்காருகிறது. வரைபடம் அவருக்கு இன்றும் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

"எல்லாவற்றையும் பழைய நடைக்கு மாற்றி அனுப்பிவிட்டால் போச்சு" என்று மறு கட்சிக்காரர்கள் உடனே சொல்வார்கள். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருக்காக ஊர் முழுக்கச் சுமக்கிற ஏற்பாடு அது. பழைய உலாவியில் இல்லாததை எல்லாம் ஈடுகட்டும் நிரல்களைச் சேர்த்தால் கோப்பு பருக்கும். அந்தப் பருத்த கோப்பை வாங்கிப் படித்து ஓட்டத் திணறுவதும் அதே மலிவான போன்தான். யாருக்காகச் செய்கிறோமோ அவரையே அது அடிக்கிறது. பிரிட்டிஷ் அரசின் கவ்.யுகே குழு இதற்கு எடுத்த வழி எனக்குப் பிடித்தது. 2023 டிசம்பரில் வந்த தங்கள் வடிவமைப்புத் தொகுப்பின் 5-ஆம் பதிப்பில், ஜாவாஸ்கிரிப்டை நவீன தொகுதி முறையில் மட்டும் கொடுத்தார்கள். அந்த முறை தெரியாத உலாவி அதைத் தொடவே தொடாது. படிவமும் எழுத்தும் மட்டும் கிடைக்கும், வேலை நடக்கும். பழையதுக்குத் தனி நிரல் எழுதும் செலவு இல்லை, புதியதின் தலையில் சுமையும் இல்லை. மூடவும் இல்லை, முட்டுக்கொடுக்கவும் இல்லை.

அதே கவ்.யுகே பற்றி டெரன்ஸ் ஈடன் என்பவர் 2021-இல் எழுதிய ஒரு நிகழ்ச்சி உண்டு. வீட்டு வாடகை உதவிக்கான அலுவலகம் ஒன்றில் காத்திருந்த ஒரு பெண், கையில் சோனியின் பிஎஸ்பி விளையாட்டுக் கருவியை வைத்து ஏதோ அழுத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் விளையாடவில்லை. அந்த உதவித்தொகை பற்றிய அரசுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். 2004-இல் வந்த கருவி, உருப்படாத உலாவி. பக்கம் வெறும் எச்டிஎம்எல்லாக இருந்ததால் வந்தது. வாடகை கட்ட முடியாதவரிடம் என்ன உலாவி இருக்கும் என்று யாரும் கணித்திருக்க முடியாது. கணிக்கவேண்டிய அவசியமே இல்லாதபடி கட்டியிருந்தார்கள்.

இதெல்லாம் புது ஞானம் ஒன்றும் இல்லை. 1998-இல் தொடங்கிய வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் குழுவினரும், அவர்களில் முக்கியமானவரான ஜெஃப்ரி ஜெல்ட்மனும் 2001 பிப்ரவரியில் ஒரு காரியம் செய்தார்கள். அப்போது தலைவலி நெட்ஸ்கேப் 4. அதற்கு சிஎஸ்எஸ் அரைகுறையாகத்தான் தெரியும். ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் சிஎஸ்எஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும், அப்படி ஒரு பிறவி. எல்லாரும் பக்கத்தை அட்டவணைக்குள் அட்டவணையாக அடுக்கி அந்த உலாவியைத் தாஜா செய்துகொண்டிருந்தபோது, ஜெல்ட்மன் தன் 'எ லிஸ்ட் அபார்ட்' இதழை முழுக்க சிஎஸ்எஸ்ஸில் மாற்றிக் கட்டினார். பாணிக்கோப்பை இறக்குமதி செய்யும் கட்டளை நெட்ஸ்கேப் 4-க்குப் புரியாது. அந்தக் குறையையே சாதகமாக்கி, அலங்காரம் அத்தனையும் அதன் கண்ணில் படாமல் மறைத்தார்கள். பழைய உலாவியில் வெறும் எழுத்தாகப் பக்கம் வந்தது, கூடவே ஒரு குறிப்பும்: தரநிலைகளை மதிக்கும் உலாவியில் இது நன்றாக இருக்கும், ஆனால் எதிலும் படிக்கலாம் என்கிற பொருளில். சிஎஸ்எஸ் தெரிந்த உலாவியில் அந்தக் குறிப்பு மறைந்துவிடும்.

அந்த இயக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் பழைய உலாவிக்காரர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதும் நடந்தது. திருப்பி அனுப்பும் நிரலை எடுத்துக்கொண்டார்கள், படிக்கலாம் என்ற பாதியை விட்டுவிட்டார்கள். எந்த நல்ல யோசனைக்கும் நம் தொழிலில் இதுதான் கதி. 2003-இல் ஸ்டீவ் சாம்பியனும் நிக் ஃபிங்கும் இதையே இன்னும் தெளிவாக, அடியில் உள்ளடக்கம், அதன்மேல் தோற்றம், அதற்கும் மேல் நடத்தை என்று அடுக்கிக் காட்டினார்கள். படிப்படியாக மேம்படுத்துதல் என்று நாம் இன்று சொல்வது அவர்கள் பெயரிட்டதுதான்.

தமிழ்ப் பக்கங்களின் சொந்த வரலாறு இன்னும் காரமானது. தொண்ணூறுகளின் இறுதியில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு, ஒவ்வொரு குறியாக்கம். தளத்துக்குப் போனதும் எழுத்துரு தானே இறங்கி ஒட்டிக்கொள்ளும் வித்தை எக்ஸ்புளோரருக்கு ஒரு வடிவில், நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வடிவில். பெரும்பாலோர் எக்ஸ்புளோரருக்கு மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஃபயர்பாக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த புதிர். அதை யூனிகோடாக மாற்றிக் காட்ட 'பத்மா' என்றொரு நீட்சியைப் போட்டுக்கொண்டு செய்தி படித்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். யூனிகோடுக்கு வந்த பிறகும் விடவில்லை. இருபக்கமும் சீராக்கிய தமிழ் ஃபயர்பாக்ஸ் 2-இல் கொம்பு தனி, கால் தனியாகச் சிதறும். 2008-இல் ஃபயர்பாக்ஸ் 3 வந்துதான் அது ஒழிந்தது. அன்று நிறையப் பேர் புழங்குகிற உலாவிக்குச் செய்தால் போதும் என்று முடிவெடுத்தவர்களின் பழைய பக்கங்கள் இன்று தேடுபொறிக்கும் கிடைக்காத, எந்த உலாவியிலும் படிக்க முடியாத குப்பையாகக் கிடக்கின்றன. அவர்கள் பின்தங்கியவர்கள் இல்லை. அந்தக் காலத்து நவீனர்கள். "குரோமில் ஓடினால் போதும்" என்று இன்று சொல்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எதிர்மாறான கதையும் நம்மிடம் இருக்கிறது. ஓபரா மினியில் முகவரிப் பட்டையில் ஓர் ஒளிந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்து முறைகளைப் படமாகக் காட்டு என்ற வரியில் "ஆம்" போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? தமிழ் எழுத்துருவே இல்லாத நோக்கியாவில் கட்டம் கட்டமாகத் தெரிந்த பக்கம், திடீரென்று தமிழாக மாறும். ஓபராவின் சர்வரே எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பியது. வலைப்பதிவுகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பரவிய உத்தி அது. பல பேர் பஸ்ஸில் போகும்போது முதன்முதலாகத் தமிழ் வாசித்தது அப்படித்தான். ஆனால் சர்வரில் சமைத்து அனுப்பும் அந்த முறைக்கு, திறந்தபின் ஜாவாஸ்கிரிப்டால் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் பக்கம் என்றால் திண்டாட்டம். எச்டிஎம்எல்லாக இருந்த பக்கங்களே அதில் நன்றாகப் போயின.

உலாவியின் பெயரைக் கேட்டு ஆள் பார்த்து அனுமதிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது என்றைக்குமே உருப்பட்டதில்லை. ஓபரா 10-ஆம் பதிப்பு வந்தபோது, எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்து "நீ ஓபரா 1" என்று விரட்டிய தளங்களுக்குப் பயந்து, அது தன்னை 9.80 என்று சொல்லிக்கொண்டது. 2022-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் 100-ஐத் தொட்டபோது அதே பயம் மறுபடி வந்தது. இன்றைக்கும் குரோம், சஃபாரி, எட்ஜ் எல்லாமே தங்களை முதலில் 'மொசில்லா' என்றுதான் அறிமுகம் செய்துகொள்கின்றன. பெயர் கேட்டால் பொய்தான் வரும். இந்த வேலை தெரியுமா என்று கேளுங்கள். பிபிசியின் செய்திப் பிரிவு 2012 வாக்கில் மூன்று திறன்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, இருந்தால் முழுப் பக்கம், இல்லாவிட்டால் எளிய பக்கம் என்று பிரித்தது. விக்கிப்பீடியாவும் பழைய உலாவிகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பாமல் கட்டுரையை மட்டும் காட்டுகிறது.

வாசலை மூடித்தான் ஆகவேண்டிய இடங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணம் கைமாறும் தளத்தில் பழைய மறையாக்கத்தை அனுமதிக்க முடியாது. அட்டைப் பரிவர்த்தனைக்கான பாதுகாப்பு விதிகள் ஆரம்பகால டிஎல்எஸ்ஸைக் கைவிட 2018 ஜூன் 30-ஐக் கெடுவாக வைத்தன. அங்கே பழைய உலாவியைத் தடுப்பது வாடிக்கையாளரின் பணத்தைக் காப்பதற்குத்தான். அப்போதும், தொலைபேசி எண்ணோ கிளை முகவரியோ தெரிகிற சாதாரணப் பக்கம் ஒன்றை வேறோரிடத்தில் வையுங்கள். தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் செய்த காரியத்தைப் பாருங்கள். அவர்களுடைய சொந்த மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்கள் நம்பாது. முட்டுக்கொடுத்து வந்த இன்னொரு சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதி. 2020-இன் கடைசியில் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பழைய ரகம். மூலச் சான்றிதழ் காலாவதியானதா என்று ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்கிற விநோதத்தைப் பயன்படுத்தி, புதிதாகக் குறுக்குக் கையொப்பம் வாங்கி, 2024 வரை அந்தப் போன்களை இணையத்தில் வைத்திருந்தார்கள். பாதுகாப்பே தொழிலாக உள்ளவர்கள், கதவை மூடுவதற்கு முன் எத்தனை தூரம் போயிருக்கிறார்கள்!

2023-இல் வந்த 'பேஸ்லைன்' அடையாளத்தைப் பலரும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு வசதி எல்லாப் பெரிய உலாவிகளிலும் வந்து 30 மாதம் ஆனால் "பரவலாகக் கிடைக்கிறது" என்று முத்திரை. நல்ல ஏற்பாடுதான், நானும் பார்க்கிறேன். ஆனால் அது குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகியவற்றின் வெளியீட்டுத் தேதியைச் சொல்கிறது. கணக்குப்பிள்ளையின் போனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிஎஸ்எஸ்ஸுக்கு அந்த முத்திரைக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம் என்பேன். ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த முத்திரை மட்டும் போதாது என்பேன்.

கடைசியாக, இந்தச் சண்டையில் எல்லாரும் வீசுகிற பிரம்மாஸ்திரம்: "எங்கள் புள்ளிவிவரத்தில் பழைய உலாவியே இல்லை." அந்தப் புள்ளிவிவரத்தை எடுப்பது யார்? பக்கத்தில் நீங்கள் ஒட்டிவைத்த இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்ட் விழுந்த இடத்தில் அதுவும் சேர்ந்து விழுகிறது, அல்லது வெள்ளைப் பக்கத்தைப் பார்த்த ஆள் ஒரு தடவைக்கு மேல் வருவதில்லை. கவ்.யுகே 2013-இல் இதை அளந்த விதம் எளிமையானது. எல்லா உலாவியும் இறக்கும் ஒரு படம், ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் மட்டும் இறங்கும் ஒரு படம், அது இல்லை என்றால் இறங்கும் ஒரு படம். எண்ணிப் பார்த்ததில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அவர்களில் அதை அணைத்து வைத்தவர்களும் ஆதரவில்லாத உலாவிக்காரர்களும் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் நல்ல உலாவி வைத்திருந்தும், வலையமைப்பு தடங்கியோ, நடுவில் ஏதோ தடுத்தோ, கோப்பு பாதியில் நின்றோ கைவிடப்பட்டவர்கள். இது பிரிட்டன் கணக்கு. நம் ஊர்க் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும்.

அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சர்வரின் பதிவுக் கோப்பை ஒரு வாரத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல் கேட்டது, சிஎஸ்எஸ் கேட்டது, ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் கேட்டது, ஆனால் அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஓடியிருந்தால் அடுத்து கேட்டிருக்க வேண்டிய தரவை மட்டும் கேட்கவில்லை என்று இருக்கிற வருகைகளைத் தனியே பிரியுங்கள். தேடுபொறிகளின் ரோபோக்களைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுகிற எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு வாருங்கள், நாம் நாலு பேர் அடுத்த முறை சேரும்போது அதை வைத்துச் சண்டை போடலாம்.

அன்புடன்,
உங்கள் தொழில்காரன் ஒருவன்